செயலி எழுதிய தீர்மானம்: மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாய்ச் சங்கத்தில் நடந்தது

ஊர், சங்கம், ஆட்கள் யார் பெயரும் இதில் இல்லை. சங்கத்தார் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். அந்தப் பக்கத்துச் சங்கங்கள் சிலவற்றுக்குக் கணக்கு, பதிவேடு வேலைகளில் உதவி செய்பவன் நான். ஏஐ செயலி எழுதிய கூட்டச் சுருக்கத்தால் வந்த தண்ணீர்த் தகராறு முற்றிய பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். அதற்கு முந்தைய பகுதி, பலரிடம் கேட்டும் பதிவுகளைப் பார்த்தும் எழுதியது.

பின்னணி

மேலூர் வட்டத்தில் பெரியாறு பிரதானக் கால்வாயின் கடைசிப் பக்கம் உள்ள கண்மாய் இது. அந்தக் கால்வாயில் கள்ளந்திரி என்ற ஊருக்குக் கீழே ஒருபோகப் பாசனம்தான், மொத்தம் 85,563 ஏக்கர். அணைகளில் இருப்பு இருந்தால் செப்டம்பர் நடுவில் திறந்து 120 நாளைக்குத் தண்ணீர் தருவது வழக்கம். முதல் 45 நாள் தொடர்ந்து வரும், மீதி 75 நாள் முறை வைத்து வரும். முறை தொடங்கியதும் கண்மாய்க்கு வரத்து விட்டுவிட்டுத்தான் இருக்கும். வந்த தண்ணீரை எந்த மடைக்கு எத்தனை நாள் விடுவது என்பதை ஊர்தான் உட்கார்ந்து பேச வேண்டும்.

இந்தக் கண்மாய்க்கு மூன்று மடை: மேலமடை, நடுமடை, கீழமடை. கீழமடைக்கு ஆயக்கட்டு, அதாவது பாயும் நிலப்பரப்பு, அதிகம், கடைசி வயல்களும் தூரம். அதனால் அதற்கு ஒரு நாள் கூடுதல் என்பது பழைய நடைமுறை. எழுதி வைத்த உரிமை கிடையாது. தண்ணீர் குறையும் வருஷங்களில் மேலமடைக்காரர்கள் அதைக் கேள்வி கேட்பதும் உண்டு.

பாசன நிர்வாகத்தில் விவசாயிகளுக்குப் பங்கு தரும் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம், தேர்தல், பதிவேடு எல்லாம் வந்தன. ஆனால் இந்த ஊரில் தீர்மானப் புத்தகம் அதற்கு முன்பிருந்தே இருக்கிறது. கூட்டம் ஊர்ப் பொதுத் திடலான மந்தையில் நடக்கும். முடியும் தறுவாயில் கணக்கர் நோட்டைத் திறந்து எழுதுவார், எழுதியதை எழுந்து நின்று உரக்க வாசிப்பார். "இதுதானே?" என்பார். அங்கேதான் உண்மையான சண்டை தொடங்கும். "நான் அப்படியா சொன்னேன்?" என்று ஒருவர் எழுவார், கணக்கர் அடித்துத் திருத்துவார், மறுபடி வாசிப்பார். அப்புறம் கையெழுத்து, தெரியாதவர்கள் கைநாட்டு. இதற்கே அரைமணி நேரம் போகும். சாப்பாட்டு நேரத்தைத் தின்னும் சடங்கு என்றுதான் இளவட்டங்கள் அதைப் பார்த்தார்கள்.

செயலி வந்த விதம்

கணக்கருக்கு மதுரையில் கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்தது. கொஞ்ச நாளைக்கு எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த நேரத்தில் சங்கச் செயலாளராக இருந்தவர் இளைஞர், வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்ப்பவர். அலுவலகக் கூட்டங்களில் அவர் தினமும் பயன்படுத்திய ஏஐ செயலியைக் கண்மாய்க் கூட்டத்துக்கும் கொண்டுவந்தார். அது பேச்சை எழுத்தாக்கும், பிறகு அந்த எழுத்தைப் படித்து "விவாதம், தீர்மானம், செய்ய வேண்டியவை" என்று மூன்று தலைப்பில் தமிழில் சுருக்கம் தரும். வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரே தட்டில் அனுப்பிவிடலாம்.

மறைத்து எதுவும் செய்யவில்லை. "எல்லாரும் பேசறது இதுல பதிவாகும், சரியா?" என்று கேட்டார். முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் "சரி, போடுப்பா" என்றார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த பெண்களில் பலருக்கு, போன் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது என்பதே தெரியாது என்பது பிறகு தெரியவந்தது.

முதல் சில கூட்டங்கள்

வண்டல் எடுக்க மனு, மீன்பாசிக் குத்தகை, கரையில் சீமைக்கருவேலம் வெட்டுவது என்று முதலில் வந்தவை பெரிய தகராறு இல்லாத விஷயங்கள். கூட்டம் கலைந்து வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் சுருக்கம் போனுக்கு வந்துவிடும். திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற ஊர்க்காரர்கள் அன்றைக்கே படித்துவிட்டுக் கருத்துச் சொன்னார்கள். அவர்களுக்கு இது பெரிய சந்தோஷம். நிலம் இங்கே, ஆள் அங்கே என்று இருப்பவர்கள் இவ்வளவு நாளாக யாராவது போன் போட்டுச் சொன்னால்தான் உண்டு.

பிழைகளும் இருந்தன. கண்மாயில் மிச்சத் தண்ணீர் வெளியேறும் கழுங்கு ஒவ்வொரு முறையும் கழுகு ஆனது. "கழுகின் இடது பக்கம் இடிந்துள்ளதால் சிமெண்ட் பூச வேண்டும்" என்று வந்த சுருக்கத்தைக் குழுவில் வைத்து வாரக்கணக்கில் சிரித்தார்கள். அதைவிடப் பெரிய வேடிக்கை ஆள் பெயர். ஊர்க் கூட்டத்தில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒரு சுருக்கத்தில் இப்படி இருந்தது: "பொறுப்பு: மாமா. கெடு: வெள்ளிக்கிழமை." அந்த ஊரில் மாமா இல்லாத ஆம்பளை யார்?

இந்தப் பிழைகள் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கண்ணில் படுகிற பிழை என்பதால் படித்தவர் தானே திருத்திக்கொண்டார். ஆனால் செயலியின் பிழை என்றால் இப்படித்தான் சிரிக்கிற மாதிரி இருக்கும் என்ற எண்ணத்தை இவை எல்லாருக்கும் ஏற்படுத்திவிட்டன. சுத்தமான தமிழில், இலக்கணம் பிசகாமல் ஒரு வாக்கியம் வந்தால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பப் பழகிவிட்டார்கள்.

இதற்கிடையே, யாரும் முடிவெடுக்காமலே உரக்க வாசிப்பது நின்றுபோனது. "அதான் வாட்ஸ்அப்ல வந்துருமே" என்று எழுந்து போய்விட்டார்கள். செயலாளர் சுருக்கத்தை அச்செடுத்து நோட்டில் ஒட்டி, பிற்பாடு வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார்.

முறைத் தண்ணீர்க் கூட்டம்

அந்த வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றியது. கார்த்திகைக் கடைசியில் கண்மாயில் பாதிக்கும் குறைவாகத்தான் தண்ணீர். நெல், கதிர் வெளிவருவதற்கு முந்தைய பொதிப் பருவத்தில் நின்றது. இந்த நேரம் தண்ணீர் தவறினால் கதிர் பதராகும். கூட்டத்துக்கு வழக்கத்தைவிட ஆட்கள் அதிகம். போன் தலைவருக்கு முன்னால் மேசையில் இருந்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் மேலமடைக்காரர்கள். பக்கத்துக் கோவிலில் மாலை போட்டவர்கள் ஒலிபெருக்கியில் ஐயப்பன் பாட்டு வைத்திருந்தார்கள்.

மேலமடையைச் சேர்ந்த ஒருவர், குரல் பெரியது, வாய்ப்பேச்சிலும் கெட்டிக்காரர், "மேலமடைக்கு நாலு, நடுமடைக்கு மூணு, கீழமடைக்கு மூணு" என்று தன் கணக்கைப் பல தடவை சொன்னார். கீழமடைப் பெரியவர் ஒருவர் "சரி, சொல்லுப்பா, சொல்லு" என்றார். அந்தத் தொனியை அங்கே இருந்த எல்லாரும் புரிந்துகொண்டார்கள். பின்னாலிருந்து இரண்டு பெண்கள், கீழமடையில் சொந்தமாக வயல் வைத்திருப்பவர்கள், போன முறை தங்கள் வயலுக்குத் தண்ணீர் ஏறவே இல்லை என்று எடுத்துச் சொன்னார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுபறி.

கடைசியில் தலைவர் எழுந்தார். மேலமடைக்காரர்கள் பக்கம் திரும்பி மூன்று விரலைக் காட்டினார். நடுமடைக்கும் மூன்று. கீழமடைப் பக்கம் திரும்பி நான்கு விரல். "அப்ப இப்படியே வச்சுக்குவம், பெறகு மழை பேஞ்சா பாத்துக்கலாம்" என்றார். முணுமுணுப்பு இருந்தது, ஆனால் யாரும் மறுத்து எழவில்லை. கூட்டம் கலைந்தது.

ராத்திரி வந்த சுருக்கத்தில் இப்படி இருந்தது: "தீர்மானம்: மேலமடைக்கு 4 நாட்கள், நடுமடைக்கு 3 நாட்கள், கீழமடைக்கு 3 நாட்கள் தண்ணீர் திறந்துவிட ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது."

தகராறு

சுருக்கத்தைக் கீழமடையில் படித்தவர்கள் மிகக் குறைவு. கூட்டத்துக்கு நேரில் வந்தவர்கள் எதற்காகப் படிக்க வேண்டும்? மேலமடையில் சிலர் படித்தார்கள். படித்ததும் பேசாமல் இருந்துவிட்டார்கள்.

மடை திறந்து அடைக்கும் நீர்ப்பாய்ச்சி கூட்டத்தில் இருந்தவர். மூன்றாம் நாள் சாயங்காலம் மேலமடையை அடைக்கப் போனார். நாலைந்து பேர் போனை நீட்டி, "தீர்மானத்துல நாலு நாளுண்டு போட்டிருக்கு, நீயா அடைப்பியா?" என்றார்கள். அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அச்சடித்த மாதிரி எழுத்து, அதில் சங்கத்தின் பெயர், "ஒருமனதாக" என்று வேறு இருக்கிறது. அடைக்காமல் திரும்பினார். தலைவரிடம் கேட்கப் போன போது அவர் ஒரு துஷ்டிக்காக, சாவு வீட்டுக்கு, வெளியூர் போயிருந்தார்.

கீழமடை முறை வந்தபோது கண்மாய் மட்டம் இறங்கியிருந்தது. மடையில் விசை இல்லை, தண்ணீர் நூலாக வந்தது. கடைசி வயல்களுக்கு ஏறவில்லை. கிணறு உள்ளவர்களிடம் மணிக்கு இவ்வளவு என்று காசு பேசி மோட்டார் தண்ணீர் வாங்கியவர்கள் தப்பித்தார்கள். வாங்க முடியாதவர்களின் வயலில் விளைச்சல் குறைந்தது.

மந்தையில் வாய்ச்சண்டை கைகலப்புக்குப் போகப் பார்த்தது. போலீசுக்குப் போகலாம் என்ற பேச்சும் வந்தது. மேலமடைத் தரப்பு ஒரே வாதத்தைப் பிடித்துக்கொண்டது: "மனுசன் எழுதுனா ஒருபக்கமா எழுதுவான். மிஷினு பொய் சொல்லுமா? அதுக்கு மேலமடை கீழமடைண்டு தெரியுமா?" இந்த வாதத்துக்குக் கீழமடைக்காரர்களிடம் பதில் இல்லை. செயலாளர் காசு வாங்கிக்கொண்டு மாற்றினார் என்று பேச ஆரம்பித்தார்கள். அந்தப் பிள்ளை இரண்டு வாரம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

ஒலிப்பதிவில் இருந்ததும் இல்லாததும்

இரு தரப்பிலும் இரண்டிரண்டு பேர், தலைவர், செயலாளர், நான். எல்லாரும் உட்கார்ந்து முழுப் பதிவையும் கேட்டோம். செயலி எடுத்த எழுத்துப் படியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டோம். செயலாளர் எதையும் மாற்றவில்லை என்பது முதல் கால்மணி நேரத்திலேயே தெளிவானது. அதைக் கீழமடைக்காரர்களே சொன்னார்கள்.

தலைவர் காட்டிய விரல்கள் பதிவில் எப்படி இருக்கும்? "அப்ப இப்படியே வச்சுக்குவம்" என்பது மட்டும் தெளிவாக இருந்தது. அந்த "இப்படியே" எதைக் குறிக்கிறது என்று செயலி பின்னால் போய்த் தேடியிருக்கிறது. எண்களோடு முழுசாகச் சொல்லப்பட்ட ஒரே திட்டம் அந்தப் பெரிய குரல்காரரின் திட்டம்தான். அதை எடுத்து வைத்துவிட்டது. பேச்சை மட்டும் கேட்ட எந்த வெளியாளும் அப்படித்தான் புரிந்துகொண்டிருப்பான். நானே பதிவை முதலில் கேட்டபோது 4, 3, 3 என்றுதான் நினைத்தேன்.

கீழமடைப் பெரியவரின் நக்கலான "சரி" எழுத்துப் படியில் வெறும் "சரி" ஆகிக் கிடந்தது. பின்வரிசைப் பெண்கள் பேசிய இடம் முழுக்கப் பாட்டுச் சத்தத்தில் கரைந்து போயிருந்தது. அவர்கள் சொன்ன ஒரு வாக்கியம்கூட எழுத்தில் இல்லை. அதற்குப் பதிலாக "பேசுபவர் 4" என்று ஒருவர் நடுநடுவே "சரணம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சபையில் அப்படி ஒருவர் கிடையாது, அது ஒலிபெருக்கி. ஆக, எதிர்ப்பு என்று எழுத்தில் எதுவுமே மிஞ்சவில்லை.

"ஒருமனதாக" என்ற சொல்லை இரண்டு மணி நேரப் பதிவில் ஒருவரும் உச்சரிக்கவில்லை. சுருக்கம் எழுதும் மொழி மாதிரிகள், ஏற்கெனவே படித்த எழுத்துகளின் வழக்கப்படி அடுத்த சொல்லைப் போடுபவை. தீர்மானம் என்று தலைப்புப் போட்டு, எதிர்ப்பும் கண்ணில் படாவிட்டால் அங்கே வழக்கமாக வரும் சொல்லைப் போட்டு நிரப்பும். பேச்சை எழுத்தாக்கும் கட்டத்திலும் இதே போக்கு உண்டு. பேச்சை எழுத்தாக்க ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட விஸ்பர் என்ற கருவியை அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆங்கிலப் பேச்சை வைத்துச் சோதித்தார்கள். 2024-இல் வெளியான அந்த ஆய்வில், ஏறத்தாழ நூற்றுக்கு ஓர் ஒலித்துண்டில் யாருமே பேசாத சொற்றொடர்களோ வாக்கியங்களோ முளைத்திருந்தன. இடையிடையே அதிக நேரம் பேச்சு நின்ற பதிவுகளில் அது கூடுதலாக இருந்தது. ஆங்கிலத்துக்கே இந்த நிலை.

பதிவு எதையும் தீர்த்துவைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தீர்த்தது ஆட்களின் வாக்கு. நீர்ப்பாய்ச்சி தான் பார்த்த விரல்களைச் சொன்னார். தலைவரும் அதையே சொன்னார். அப்புறம் மேலமடைப் பெரியவர் ஒருவர், கொஞ்ச நேரம் கீழே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வெரலு நானும்தான் பாத்தேன்" என்றார். அவர் வாயைத் திறந்த பிறகு மற்றவர்கள் வாதாடவில்லை.

எடுத்த முடிவுகள்

தண்ணீர் விஷயம் சுலபமாக முடிந்தது. அடுத்த முறையில் மேலமடை ஒரு நாளை விட்டுக்கொடுத்தது. வாங்கிய மோட்டார் தண்ணீருக்குப் பணம் கேட்ட கோரிக்கையை யாரும் ஏற்கவில்லை. அது நியாயமா என்பதில் எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை.

செயலியை என்ன செய்வது என்பதற்குத்தான் நேரம் பிடித்தது. பெரியவர்கள் பலர் அதை அடியோடு நிறுத்தச் சொன்னார்கள். வெளியூரில் இருப்பவர்கள், காசு கட்டினால் நல்ல செயலி கிடைக்கும் என்றார்கள். எவ்வளவு நல்ல செயலி என்றாலும் விரலை ஒலியில் கேட்காது என்று செயலாளரே பதில் சொன்னார். ஒலிப்பதிவை வைத்துக்கொள்வது, தீர்மானத்தை அதனிடம் விடாமல் இருப்பது என்று கடைசியில் முடிவானது.

அதன்படி, தீர்மானம் என்றால் நோட்டில் கையால் எழுதி, கூட்டம் கலைவதற்குள் உரக்க வாசித்தது மட்டும்தான். தலைவர் மடையின் பெயரையும் நாளின் எண்ணிக்கையையும் வாயால் சொல்ல வேண்டும். வாசித்துக் கையெழுத்து ஆகும்வரை செயலியின் சுருக்கம் குழுவுக்குப் போகாது. சுருக்கத்தின் அமைப்பிலிருந்தே "தீர்மானம்" என்ற தலைப்பை எடுத்துவிட்டு, "பேசியவை" என்று மட்டும் வைத்தார் செயலாளர். அந்தத் தலைப்பு இருந்தால், முடிவு எதுவும் எட்டப்படாத கூட்டத்திலும் செயலி ஏதாவது ஒன்றைத் தேடிப்பிடித்து அதற்குக் கீழே போட்டுவிடுகிறது. பழைய பதிவுகள் சிலவற்றை ஓட்டிப் பார்த்தபோது இது உறுதியானது.

ஒலிக்கோப்பை அடுத்த கூட்டம்வரை வைத்திருந்து அழித்துவிடுவது என்றும் பேசினார்கள். இதற்குக் காரணம் தண்ணீர்த் தகராறு அல்ல. சண்டை நடந்த நாட்களில் யாரோ பதிவிலிருந்து ஒரு துண்டை வெட்டி வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள். அதில் ஒருவர் தன் பங்காளி நிலத்தைப் பற்றி வாய்தவறிச் சொன்னது இருந்தது. அதைக் கேட்ட பின்வரிசைப் பெண் ஒருவர், "அப்ப நான் என் கொழுந்தனப் பத்திச் சொன்னதும் அதுக்குள்ள கெடக்கா?" என்று கேட்டார். சம்மதம் என்பது முன்வரிசை சொல்லும் "போடுப்பா" இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் விவரம் தெரிந்து தரும் சம்மதத்தைத்தான் பேசுகிறது. இப்போது கூட்டம் தொடங்கும்போது, போன் எங்கே இருக்கிறது, பேச்சு எங்கோ ஒரு கம்பெனியின் கணினிக்குப் போய்த்தான் எழுத்தாகிறது, நிறுத்தச் சொல்ல யாருக்கும் உரிமை உண்டு என்று பெண்கள் பக்கமும் போய்ச் சொல்கிறார்கள்.

அதன் பிறகு

கணக்கர் கண் தெளிந்து திரும்பிவிட்டார். எழுதுவது செயலாளர், வாசிப்பது கணக்கர். முதல் வாசிப்பிலேயே நடுமடைக்காரர்கள் இரண்டு இடத்தில் மறித்தார்கள், திருத்தினார்கள். கூட்டம் பழையபடி நீண்டது. இளவட்டங்கள் பழையபடி முனகுகிறார்கள்.

பதிவு ஒரு தடவை நன்றாகவே கைகொடுத்தது. மீன்பாசிக் குத்தகை எடுத்தவர், இரண்டாம் தவணையைச் சித்திரையில் தருவதாகத்தான் சொன்னேன் என்றார். அதே கூட்டத்தின் பதிவு இன்னும் அழிக்கப்படாமல் இருந்தது. போட்டுக் காட்டினார்கள். "மாசி முடியக் கட்டிருவேன்" என்று அவர் குரலே சொன்னது. சிரித்துக்கொண்டே கட்டினார். ஒருவர் வாயால் தெளிவாகச் சொன்ன சொல்லைக் காட்ட இதைவிட நல்ல சாதனம் இல்லை.

ஒரு மாற்றம் எதிர்பாராதது. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலின் ஆக்கிரமிப்பைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் போனை அணைக்கச் சொல்கிறார். அல்லது அந்தப் பேச்சே டீக்கடைக்குப் போய்விடுகிறது. இது பதிவால் வந்த நஷ்டம் என்று செயலாளர் நினைக்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆக்கிரமித்தவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் அந்தப் பேச்சு முன்பும் டீக்கடையில்தான் நடந்தது.

வேறு மாதிரி செய்திருக்கலாம் என்பவை

செயலியை முதலில் வண்டல் மனு போன்ற சாதாரணக் கூட்டங்களில் பழகியது சரிதான். ஆனால் அந்தக் கூட்டங்களில் அது சரியாக எழுதியதை வைத்துத் தண்ணீர்ப் பங்கீட்டுக்கும் நம்பியதுதான் கோளாறு. முடிவு ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்த பழைய முறைத் தண்ணீர்க் கூட்டம் ஒன்றை மறுபடி பேசிக்காட்டிப் பதிவுசெய்து, சுருக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் பாதி விஷயம் முன்பே தெரிந்திருக்கும்.

போனை எங்கே வைப்பது என்பதும் சின்ன விஷயமில்லை. யார் பக்கத்தில் போன் இருக்கிறதோ அவர்கள் பேச்சுதான் சுருக்கத்தில் அதிகம் வரும். இப்போது மேசையிலிருந்து எடுத்து நடுவில் ஒரு ஸ்டூலில் வைக்கிறார்கள். பேசுகிறவர் முதலில் தன் பெயரையும் எந்த மடை என்பதையும் சொல்லிவிட்டுப் பேச வேண்டும் என்று ஒரு விதி போட்டுப் பார்த்தார்கள், ஒரு கூட்டத்தோடு அது செத்துப்போனது. கழுங்கு, மடை, மறுகால், நீர்ப்பாய்ச்சி போன்ற சொற்களைச் செயலிக்கு முன்கூட்டியே பட்டியலாகக் கொடுக்கலாம் என்பதைச் செயலாளர் பிறகு கண்டுபிடித்துக் கொடுத்தார். கழுகு இப்போது வருவதில்லை.

நீர்ப்பாய்ச்சிக்கு எதை நம்புவது என்று ஒரு விதி இல்லாமல் போனதுதான் என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை. போனை நீட்டியவர்கள் நாலைந்து பேர், அவர் ஒற்றை ஆள், கூலிக்கு வேலை செய்பவர். இப்போது வாசித்து முடித்ததும் மடைவாரியான நாட்களை ஒரு தாளில் எழுதி, தலைவர் கையெழுத்தோடு அவர் கையில் கொடுக்கிறார்கள். அதில் எழுத்தே இல்லை, மூன்று கட்டமும் எண்களும்தான். தலைவர் ஊரில் இல்லாவிட்டால் யாரிடம் கேட்பது என்பதற்குத் துணைத்தலைவரின் பெயரும் கணக்கரின் பெயரும் முடிவாகியிருக்கிறது.

வாசிப்பு நடக்காமல் கூட்டம் கலைந்தால் போன வருஷத்து முறையே தொடரும் என்ற விதிக்கு மூன்று மடையும் ஒத்துக்கொண்டது. திருப்பூர், சிங்கப்பூர்க்காரர்களுக்கு மட்டும் இன்னும் குறை இருக்கிறது. சுருக்கம் மறுநாள்தான் வருகிறது, அதுவும் முடிவு இல்லாமல் வருகிறது என்கிறார்கள். நோட்டின் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பலாம் என்று செயலாளர் சொல்கிறார். கைநாட்டும் கையெழுத்தும் வாட்ஸ்அப்பில் சுற்றுவது நல்லதில்லை என்கிறார் கணக்கர். அடுத்த கூட்டத்தில் இதை வைக்கப் போகிறார்கள்.